திறந்த வீதியில் எவ்வளவு வேகம்?

காலபோக அறுவடை முடியும் தறுவாயில், ஏ-9 வீதியை அண்டியுள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திற்குச் சென்றிருந்தோம். வீதியின் இடது கரையில் நெடுந்தூரத்துக்குப் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். ஆச்சி ஒருவர் காலால் நெல்லை அளைந்துகொண்டிருந்தார். கொழும்புப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தபடி எம்மைக் கடந்து போயிற்று. அதன் காற்றில் படங்கின் ஓரம் எழும்பி, ஒரு கைப்பிடி நெல் புல்லுக்குள் சிதறியது. ஆச்சி தலை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

"இவ்வளவு கிட்ட நிற்கிறீங்கள், பயமில்லையோ ஆச்சி?" என்று கேட்டோம்.

"வேறை எங்கை சுவாமி காயப் போடுறது? முத்தம் முழுக்க மணல். நெல்லிலை மண் ஏறினால் யாவாரி விலையைக் குறைப்பான். றோட்டெண்டால் நல்ல சூடு, அரை நாளிலை காஞ்சிடும்."

அதே ஊருக்கு இரு கிழமைகளுக்கு முன்னர் ஒரு மரண வீட்டிற்காக வந்திருந்தோம். வயலில் இருந்து பொழுதுபடும் நேரத்தில் சைக்கிளில் திரும்பிய ஒரு குடும்பத் தலைவரைப் பின்னால் வந்த வான் ஒன்று மோதியது. வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர் ஐந்து முறை இடம்பெயர்ந்தவர். ஷெல்லுக்குத் தப்பினார், பதுங்கு குழிக்குள் வந்த பாம்புக்குத் தப்பினார், முகாமில் வந்த காய்ச்சலுக்கும் தப்பினார். சொந்தக் காணிக்குத் திரும்பி, இரண்டு ஏக்கர் விதைத்து, அரிவு வெட்டுக்கு நாள் பார்த்திருந்த வேளையில் வீதியில் போனார். வான் சாரதி குடித்திருக்கவில்லை. நித்திரை தூங்கவும் இல்லை. "80இலைதான் வந்தனான், ஆள் நிக்கிறது தெரியேல்லை" என்று அந்த இளைஞர் அழுதழுது சொன்னதை நாமே கேட்டோம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கின்றோம். ஏன் என்பதைப் பின்னர் கூறுவோம்.

செத்த வீட்டில் மனைவி எம்மிடம் கேட்டது ஒரு கேள்விதான். "அந்த வான்காரருக்கு என்ன அவசரம், சுவாமி?" அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இக்கட்டுரை.

இந்த வீதியை எமது மக்கள் கால்களால் அறிந்தவர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தில் இருந்து புறப்பட்ட சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்கு எத்தனை மணி நேரம் எடுத்தது என்பதை அந்த இரவில் நடந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அதன் பின்னர் வன்னியில் வாழ்ந்த ஆண்டுகளில் எரிபொருள் இல்லை. இருந்த வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வீதியில் தார் இருந்த இடத்தைவிடக் குழி இருந்த இடமே அதிகம். ஓர் உழவு இயந்திரம் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால் அது விரைவு வண்டி. மாடுகள் வீதியில் படுத்தன, பிள்ளைகள் வீதியில் விளையாடினர், கிழவர்கள் மதகில் இருந்து ஊர்க்கதை கதைத்தனர். வீதி என்பது ஊரின் நீண்ட முற்றமாக இருந்தது.

2002இல் ஏ-9 திறக்கப்பட்டபோது வாகனங்கள் வந்தன. ஆயினும் வன்னிக்குள் அந்நாட்களில் வேகக் கட்டுப்பாடு கடுமையாகப் பேணப்பட்டதைச் சாரதிகள் பலரும் இன்றும் சொல்வார்கள். 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த பின்னர் அதே வீதி அகலமாக்கப்பட்டு, "காப்பெற்" போடப்பட்டு, வெள்ளைக் கோடு கீறப்பட்டு எமக்குத் திரும்பி வந்தது. வீதி நல்லதே. பிரசவத்திற்குப் போகும் தாய்க்கும், மரக்கறி ஏற்றும் கமக்காரருக்கும் அது பெரும் வரம். ஆனால் வீதி மாறிய வேகத்தில் வீதியோரத்து மனிதரின் கண்ணும் காலும் மாறவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தூரத்தில் தெரியும் வாகனம் எத்தனை செக்கனில் தன்னிடம் வந்து சேரும் என்று எங்கே பழகியிருக்கும்? வளர்ந்தவர்களே தூரத்தைப் பார்த்துத்தான் கடக்கின்றார்கள், வேகத்தைப் பார்த்தல்ல. "தூரத்திலைதானே வாறான்" என்று இறங்கினால், நடு வீதிக்கு வரும்போது அவன் பக்கத்தில் நிற்கிறான்.

பனையளவு உயரம்

வேகம் என்பது என்னவென்று விளங்கிக்கொள்ள எமது ஊர்க் கணக்கு ஒன்று சொல்கிறோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் மோதினால், அது ஏறத்தாழ மூன்றரை மீற்றர் உயரத்தில் இருந்து, அதாவது வீட்டு முகட்டில் இருந்து விழுவதற்குச் சமம். கை, கால் முறியலாம். பெரும்பாலும் உயிர் தப்பும். 50 கிலோமீற்றர் என்பது பத்து மீற்றர் உயரம், ஒரு நடுத்தரத் தென்னையின் வட்டு. 70 கிலோமீற்றர் ஏறத்தாழ இருபது மீற்றர், நன்றாக ஓங்கிய ஒரு பனையின் உச்சி. 100 கிலோமீற்றர் என்றால் ஒரு பனைக்கு மேல் இன்னொரு பனை. சீவல் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள், பனை உச்சியில் இருந்து விழுந்து பிழைத்தவர் எத்தனை பேர் என்று.

வேகம் இரு மடங்கானால் அடியின் பலம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகின்றது. பாடசாலையில் படித்ததுதான், வீதியில் மறந்துவிடுகிறோம்.

இனி, நிறுத்துவதற்கு எடுக்கும் தூரம். ஒருவரைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிறேக்கில் ஊன்றுவதற்கு ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் ஆகும். அந்த நேரத்தில் வாகனம் சும்மா இருப்பதில்லை. 50இல் வருபவர் காய்ந்த நல்ல வீதியில் மொத்தம் 35 மீற்றரில் நிறுத்தலாம். 70இல் வருபவருக்கு 55 மீற்றருக்கு மேல் வேண்டும். 80இல் ஏறத்தாழ 70 மீற்றர். 100இல் ஏறத்தாழ 100 மீற்றர். மழை பெய்து வீதி நனைந்திருந்தால், ரயர் தேய்ந்திருந்தால், பாரம் ஏற்றியிருந்தால் இன்னும் கூடும். இரவில் எதிரே வாகனம் வரும்போது லைற்றைத் தாழ்த்தி ஓடுகின்றோம். அந்த வெளிச்சத்தில் கறுத்த சாரத்துடன் சைக்கிளில் செல்லும் ஒருவரை 50 மீற்றருக்கு முன்னரே காண்பது அரிது.

இப்போது அந்த வான் சாரதியின் வார்த்தைகளை நினைத்துப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது 50 மீற்றர். நிறுத்த வேண்டியது 70 மீற்றர். கண்ட கணத்திலேயே காலம் கடந்துவிட்டது. அவர் கண்ணில் பிழையில்லை, பிறேக்கில் பிழையில்லை. அந்த நேரத்திற்கு அந்த இடத்தில் அந்த வேகந்தான் பிழை.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

எமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டுக்குரியது. அதன் கீழ் ஒழுங்குவிதிகள் காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டுள்ளன. இன்றைய நிலையில் கார் போன்ற வாகனங்களுக்குக் குடிமனை நெருங்கிய இடங்களில் 50, ஏனைய வீதிகளில் 70, 2011இல் தெற்கில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட அதிவேகப் பாதைகளில் 100 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 40.

காப்பெற் வீதி வந்த பின்னர் 70 என்பது பழங்காலக் கதை, 90 ஆக்கவேண்டும் என்று பேசுவோர் உள்ளனர். படித்தவர்களும் பேசுகின்றனர். "ஜேர்மனியில் எல்லையே இல்லையே" என்பார்கள். ஜேர்மனியில் எல்லை இல்லாதது அவர்களது நெடுஞ்சாலைகளின் சில பகுதிகளில். அங்கே போக்கும் வரவும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டிருக்கும், நடுவே தடுப்பு இருக்கும், சைக்கிளுக்கும் நடைக்கும் இடமில்லை. அதே ஜேர்மனியில் ஊர்ப்புறத்துச் சாதாரண வீதிக்கு 100 என்ற எல்லை உண்டு. அந்த வீதியிலும் நெல் காயப் போடுவோர் இல்லை.

பிரித்தானியரிடம் இருந்துதான் நாம் மோட்டார் சட்டம் படித்தோம். அவர்களும் சும்மா இருந்து படிக்கவில்லை. 1865இல் இயந்திர வண்டிக்கு முன்னால் ஒருவர் செங்கொடியுடன் நடக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், பட்டணத்தில் 2 மைல். எமது வன்னி உழவு இயந்திரமே அதைவிட விரைவு. பின்னர் மறுபக்கம் சாய்ந்து, 1930இல் கார்களுக்கு வேக எல்லையே வேண்டாம் என்று நீக்கினார்கள். 1934இல் அந்நாட்டு வீதிகளில் 7343 பேர் இறந்தனர். இன்றுள்ள வாகனங்களில் மிகச் சிறு பங்கே அன்று அங்கு ஓடின. அடுத்த ஆண்டே குடிமனைப் பகுதிகளுக்கு 30 மைல் எல்லையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

எமக்கு மிகவும் உதவுவது சுவீடன் நாட்டவரின் சிந்தனை என்று நினைக்கின்றோம். அவர்களது பாராளுமன்றம் 1997இல், வீதியில் எவரும் சாவதையோ வாழ்நாள் ஊனமடைவதையோ ஏற்பதில்லை என்று ஒரு கொள்கையை நிறைவேற்றியது. அதன் அடிப்படை எளியது: மனிதன் பிழை விடுவான், அந்தப் பிழைக்கு மரணம் தண்டனையாக இருக்கக்கூடாது. ஆகையால் வீதியின் தரத்தைப் பார்த்து வேகத்தை முடிவு செய்வதில்லை, மனித உடல் எவ்வளவு அடியைத் தாங்கும் என்று பார்த்து முடிவு செய்வார்கள். வாகனமும் நடப்பவரும் கலக்கும் இடத்தில் 30. பக்கவாட்டில் மோதக்கூடிய சந்தியில் 50. நேருக்கு நேர் மோதக்கூடிய, நடுவே தடுப்பில்லாத வீதியில் 70. அதற்கு மேல் என்றால் முதலில் நடுவே தடுப்புப் போடு, நடப்பவரைப் பிரித்துவிடு என்கின்றது அச்சிந்தனை.

இந்தத் தராசில் ஏ-9ஐ வைத்துப் பாருங்கள். போக்கும் வரவும் ஒரே தளத்தில், நடுவே ஒரு கோடு மட்டும். மதில் இல்லை, கோடு. ஆகவே எவ்வளவு வழுவழுப்பான வீதியானாலும் அதற்கு 70தான் உச்சம். 90 கேட்பவர்கள் முதலில் நடுத்தடுப்பைக் கேட்கட்டும். பரந்தன் - முல்லைத்தீவு வீதிக்கும், மன்னாரில் இருந்து பூநகரி ஊடாகச் செல்லும் வீதிக்கும் இதே கணக்குத்தான். வசதி படைத்த நாடுகளே இன்று கீழே இறங்குகின்றன. பிரான்ஸ் 2018இல் தடுப்பில்லாத ஊர்ப்புற வீதிகளில் 90ஐ 80 ஆக்கியது; பெரும் எதிர்ப்பு எழுந்து, பின்னர் சில மாவட்டங்கள் பழைய எல்லைக்குத் திரும்பியதும் உண்மை. அயர்லாந்து 2025 பெப்ரவரியில் சிறு கிராமிய வீதிகளின் பொது எல்லையை 80இல் இருந்து 60 ஆகக் குறைத்தது.

எமது பிரச்சினை 70 என்ற இலக்கத்தில் இல்லை. "குடிமனை நெருங்கிய இடம்" எது என்பதில்தான் இருக்கின்றது. பட்டணத்துக் குடிமனை கண்ணுக்குத் தெரியும்: கடைகள், மதில்கள், வங்கி. மீள்குடியேற்றக் கிராமம் அப்படித் தெரியாது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணிக்குள் உள்ளே தள்ளி ஒரு வீட்டுத்திட்ட வீடு, நடுவே பற்றை, பின்னால் வயல். இரவில் ஓடும் சாரதிக்கு அது காடு. ஆனால் அக்காட்டுக்குள் இருந்து காலை ஏழு மணிக்கு நூறு பிள்ளைகள் வீதிக்கு ஏறுகின்றனர். வீடு ஒரு பக்கம், வயல் மறுபக்கம், கிணறு இன்னொரு பக்கம். ஆகவே எமது கோரிக்கை இதுதான்: பாடசாலை, ஆலயம், வைத்திய நிலையம், வாய்க்கால் கடவை, பஸ் தரிப்பிடம் உள்ள ஒவ்வொரு கிராமத் துண்டும் வீடுகள் ஐதாக இருந்தாலும் 50 எல்லைக்குள் வரவேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் இரவில் ஒளிரும் பலகை நிற்கவேண்டும், பாடசாலை வாசலில் 30 ஆகவேண்டும். எஞ்சிய காட்டுத் துண்டுகளில் 70 இருக்கட்டும். அங்கும் மாடு உண்டு, யானை உண்டு. ஆயினும் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

இதனால் பயணிக்கு என்ன நட்டம்? இரண்டு கிலோமீற்றர் நீளமான ஒரு கிராமத்தை 70இல் கடக்க 103 செக்கன், 50இல் கடக்க 144 செக்கன். வித்தியாசம் 41 செக்கன். ஓர் அருள் நிறைந்த மந்திரத்தை மெதுவாக இரண்டு தடவை சொல்லும் நேரம். அத்தகைய ஐந்து கிராமங்கள் என்றாலும் மூன்றரை நிமிடத்திற்குள் அடங்கும். "என்ன அவசரம்?" என்று அந்த மனைவி கேட்ட கேள்விக்கு இதுதான் அளவு.

இக்கணக்கைக் கிராமக் கூட்டத்தில் சொன்னபோது வான் ஓடும் ஒரு தம்பி எழுந்து நின்றார். "சுவாமி, கணக்குச் சரி. ஆனால் எங்களுக்குச் சம்பளம் இல்லை, ஓட்டத்துக்குத்தான் காசு. விடியமுன்னம் கொண்டுபோய் விடாட்டில் அடுத்த முறை வேறை வானிலை ஏறுவினம். முதலாளியும் ஏசுவார், சனமும் ஏசும்." இது மறுக்கமுடியாத நியாயம். பஸ்களிலும் இதே கதைதான்; முன்னால் போகிறவனுக்கே அடுத்த தரிப்பிடத்துச் சனம், ஆகவே முந்தவேண்டும். 2005 ஏப்ரலில் பொல்காவலைப் பகுதியில் யாங்கல்மோதரை புகையிரதக் கடவையில் பஸ் ஒன்று புகையிரதத்துடன் மோதி 30க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், பஸ்களுக்கிடையிலான போட்டியே பேசப்பட்டது. நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2000க்கும் அதிகமானோர் இறக்கின்றனர். சாரதியை மட்டும் பிடித்துத் தண்டம் எழுதி இது தீராது. ஒருங்கிணைந்த நேர அட்டவணையும் நிரந்தரச் சம்பளமும் வேக எல்லைப் பலகைக்கு நிகரான பாதுகாப்பு. பயணிகளாகிய நாமும் "கெதியா ஓடுற வான்" என்று தேடிப் பிடிப்பதை நிறுத்தவேண்டும்.

எழுதும் எமது கையும் சுத்தமில்லை. ஒரு ஞாயிறு காலை இரண்டாம் திருப்பலிக்குப் பிந்திவிட்டோம் என்று இதே வீதியில் 90க்கு மேல் ஓடினோம். முன்னால் ஒரு கன்றுக்குட்டி பாய்ந்தது. எப்படித் தப்பியது என்று தெரியாது. கன்றுக்குப் பின்னால் ஒரு சிறுவன் நின்றதை நிறுத்திய பிறகே கண்டோம். ஆலயத்தில் சனம் பதினைந்து நிமிடம் கூடுதலாகச் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள், அவ்வளவுதான். 2007இல் வத்திக்கானின் குடியேறுவோருக்கான திருப்பீட அவை வீதிக்கென்றே பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. கொலை செய்யாதிருப்பாயாக என்பதை அதில் முதலாவதாக வைத்திருக்கின்றார்கள். வீதியில் பலவீனமானவரைப் பாதுகாக்கவேண்டும் என்று ஒன்பதாவது சொல்கின்றது. அதற்குப் பின்னர் அதைப் படிக்கும்போது எமக்கு அந்தச் சிறுவனின் முகமே தெரிகின்றது.

வேகத்தைக் குறைத்தால் எரிபொருளும் மிஞ்சும் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது. 1973 எண்ணெய் நெருக்கடியின் பின்னர் அமெரிக்கா எரிபொருளைச் சேமிக்கவே நாடு முழுவதும் 55 மைல் எல்லையைக் கொண்டுவந்தது. 1973இல் ஏறத்தாழ 54,000 ஆக இருந்த வீதி மரணங்கள் 1974இல் ஏறத்தாழ 45,000 ஆகின. மக்கள் ஓட்டத்தைக் குறைத்ததும் ஒரு காரணம். ஆனாலும் அதில் வேகத்தின் பங்கு சிறிதல்ல. சராசரி வேகம் 1 வீதம் கூடினால் மரண விபத்து ஏறத்தாழ 4 வீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கூறும் கணக்கு. 2022இல் எரிபொருளுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற எமக்கு, லீற்றரின் அருமையை எவரும் போதிக்கத் தேவையில்லை.

எம்மவர் செய்யவேண்டியதும் உண்டு. பொழுதுபட்ட பின் லைற் இல்லாமல், பின்பெட்டியில் ஒளிரும் தாள்கூட ஒட்டாமல் உழவு இயந்திரத்தை வீதியில் ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். சைக்கிள் மட்காட்டில் ஒரு சிவப்புத் தெறிப்பான், இரவில் ஒரு வெள்ளைச் சேட்டு, இவ்வளவும் பெரிய செலவல்ல. மாட்டுப் பட்டியை இரவில் அடையுங்கள்; தார்ச் சூட்டுக்கு மாடு வீதியில்தான் வந்து படுக்கும். நெல் காயப் போடுவது பற்றி ஆச்சியிடம் "வீதியில் போடாதீர்கள்" என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. சீமெந்துத் தளம் ஒன்று கட்டிக் கொடுத்த பின்னர் சொல்லவேண்டிய வார்த்தை அது. கமக்காரர் அமைப்புகள் இதை முதல் வேலையாகக் கேட்கவேண்டும்.

சில இளைஞர்கள் உடனேயே வீதிக்குக் குறுக்கே மண் அணைத்து வேகத்தடை போடுவோம் என்றனர். வேண்டாம் என்றோம். 70இல் வரும் மோட்டார் சைக்கிள் இருட்டில் அதில் ஏறினால், நாமே இன்னொரு செத்த வீட்டுக்குக் காரணமாவோம்.

கூட்டத்தில் ஒரு மனு எழுதப்பட்டது. முதல் கையெழுத்தை அந்த விதவைத் தாய் வைத்தார். அடுத்ததை வான் ஓடும் தம்பி. பிரதிகள் பிரதேச செயலகத்திற்கும், வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும், பொலிசாருக்கும் போகின்றன. உங்கள் ஊர்த் துண்டிலும் இவ்வாறு பலகை இல்லையென்றால், பாடசாலை, வாய்க்கால், பஸ் தரிப்பிடம் ஆகியவற்றைக் குறித்து, அருகிலுள்ள கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தையும் எழுதி, உங்கள் பங்குத்தந்தையிடமோ கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ கொடுங்கள். அடுத்த காலபோக அரிவு வெட்டுக்கு முன்னர் அனைத்தையும் ஒன்றுசேர்த்துக் கொடுக்க எண்ணியுள்ளோம். அன்று திரும்பும்போது அக்கிராமத்தை 50இலேயே கடந்தோம். பின்னால் வந்த பஸ் ஒன்று எல்லை முடியும்வரை லைற் அடித்துக்கொண்டே வந்தது.